ஆர்டித் வோண்ட்ரா சொன்ன காரணங்கள்

மாட்டு ஏலக் கொட்டகையை ஒட்டி இருக்கிற சாப்பாட்டுக் கடை என்னுடையது. வியாழக்கிழமை ஏலம். அன்றைக்கு இந்த மணற்குன்று வட்டாரத்து ஆண்கள் அத்தனை பேரும் என் மேசைகளில் உட்கார்ந்து, சில்லி என்கிற காரமான கறி-பீன்ஸ் குழம்பில் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டே, அங்கே இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். பெண்கள்தான் வம்பு பேசுவார்கள் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். அவன் ஒரே ஒரு வியாழக்கிழமை என் கடைக்கு வந்து பார்க்கட்டும்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் லீலண்ட் வோண்ட்ரா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான்.

"ஆர்டித் காலேஜுக்குப் போறாளாம்ப்பா. மாடு மேய்க்கப் படிக்கப் போறாளாம்!"

சிரிப்பில் மேசையே குலுங்கியது. ஆர்டித் அவனுடைய அண்ணன் ஆல்வினின் மனைவி. வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

"மாட்டுக்கு எந்தப் பக்கம் தலைன்னு முதல் வாரம் சொல்லிக் குடுப்பாங்க," என்றான் ஒருவன்.

"வாலு ரெண்டாவது வருஷம்," என்றான் லீலண்ட்.

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது, வாய்தான் நிற்காது. அவன் கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "லீலண்ட், உனக்கு வாய் எந்தப் பக்கம்னு யாராவது சொல்லிக் குடுத்திருந்தா ஊரு நல்லா இருந்திருக்கும்." அவன் சிரித்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவன் என்பதால் என்னிடம் திட்டு வாங்குவது அவனுக்குப் பழக்கம்.

ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த ஜனவரியில்தான் ஆல்வினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது: "சனியனே." பேச்சு போனாலும் வசவு தங்கும், அது மூளையில் வேறு அறையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். பசித்தாலும் சனியனே, போர்வை வேண்டுமென்றாலும் சனியனே, பாதிரியார் வந்து ஜெபம் செய்து முடித்தாலும் சனியனே. பாதிரியார் நல்லவர், "ஆமென்" என்று எடுத்துக்கொண்டார்.

வோண்ட்ரா சகோதரர்களின் நிலம் இன்னும் பாகம் பிரிக்காதது. கறுப்பு மாடுகள் எல்லாம் பொதுவில். லீலண்ட் கல்யாணம் செய்துகொள்ளாதவன், இயந்திரங்களோடு பிறந்தவன். காற்றாலை, கிணறு, தண்ணீர்த் தொட்டி, உலர்புல் அறுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. மாடு ஆல்வின் பொறுப்பு. எது தங்கும், எது அடிமாடாகப் போகும், எந்தக் கிடாரியைத் தாயாக்குவது என்பதெல்லாம் ஆல்வின் தலைக்குள்தான் இருந்தது. அந்தத் தலைதான் இப்போது பூட்டிக் கிடந்தது.

லீலண்ட் மொத்த மாட்டையும் விற்றுவிடலாம் என்றான். புல்வெளியை வெளியூர்க்காரனுக்குக் குத்தகைக்கு விடலாம். ஆர்டித்தும் ஆல்வினும் ஊருக்குள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், படி இல்லாத வீடாகப் பார்த்து வந்துவிடலாம். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் எப்போதும் விவேகி மாதிரிதான் பேசுவான்.

ஆர்டித் மாட்டேன் என்றாள். "ஆல்வின் காலையில எழுந்து ஜன்னல் வழியா மாட்டைத்தான் பாக்குறான். மாடு போச்சுன்னா அவன் எதுக்கு எழுந்திருக்கணும்?"

"யாரு பாத்துக்குவா?"

"நான்."

லீலண்ட் அங்கே சிரிக்கவில்லை, கேலிக்கு வியாழக்கிழமை இருந்தது. "சரி. ஒரு வருஷம் தர்றேன். அடுத்த இலையுதிர் காலத்துல மாடு பிரிக்கிற அன்னைக்கு நீ பட்டிக்குள்ள நில்லு. எது தங்கணும், எது போகணும்னு சொல்லு. ஏன்னும் சொல்லு. சொல்ல முடியலைன்னா மொத்தமும் லாரியில ஏறும். அப்புறம் பேச்சு கிடையாது."

இந்த ஊர்ப் பெண்களுக்கு அது என்ன மாதிரிச் சவால் என்று தெரியும். மாடு பிரிக்கிற நாளில் பெண்கள் பட்டிக்குள் போவதில்லை. அடுப்படியில் நின்று வந்திருப்பவர்களுக்கெல்லாம் சமைப்பார்கள். யாரும் போகாதே என்று சொன்னதில்லை, யாரும் வா என்று சொன்னதுமில்லை. முப்பது வருடமாக ஆர்டித் அந்த நாளை உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள்.

அதனால்தான் சமுதாயக் கல்லூரி. அறுபது மைல் தள்ளி, கால்நடை அறிவியலும் பண்ணை நிர்வாகமும். காலையில் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிக்அப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். சாயங்கால பஸ்ஸை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தாள். மத்தியானம் ஆல்வினுக்கு யார் துணை? இங்கேதான் லீலண்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தினமும் பன்னிரண்டு மணிக்கு அவன் வந்து சூப் சூடாக்கி, அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, வானொலியில் சந்தை நிலவரத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கடையில் அவளைக் கேலி செய்வான், வீட்டில் அவளுக்காகத் தட்டு கழுவுவான். மனிதனை ஒரே டப்பாவில் அடைக்க முடியாது, என்ன செய்வது.

முதல் நாள் வகுப்பில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அகலத் தொப்பி, இடுப்பில் தோசைக்கல் அளவுக்கு பெல்ட் பக்கிள்.

"நீங்க யாரோட அம்மா?" என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். மெக்கென்னா என்று பெயர்.

"இங்க யாருக்கும் இல்லம்மா. தள்ளி உக்காரு, பலகையில எழுதுறது எனக்குக் கண்ணு தெரியாது," என்று ஆர்டித் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பாடம் நடத்தியது டோரி லிண்ட்க்விஸ்ட். ஆர்டித்துக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. போட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவளே என்பதால் எல்லோரும் அவளைக் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள், ஆர்டித்தும் அப்படியே கூப்பிட்டாள். தீவனக் கணக்கு, நோய், சினைப் பருவம் எல்லாவற்றையும் ஆர்டித் முட்டி மோதிப் படித்துவிட்டாள். ஒன்றில்தான் சிக்கிக்கொண்டாள். அதுதான் காரணம் சொல்வது.

மாடு மதிப்பிடும் போட்டி எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு பெரிய விஷயம். நான்கு மாடுகளை எண் போட்டு நிறுத்துவார்கள். பார்த்து, நல்லதிலிருந்து மோசமானது வரை வரிசைப்படுத்த வேண்டும். அதோடு முடியாது. பிறகு ஒரு அறையில் நடுவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் தனியாகப் போய், கையைப் பின்னால் கட்டி, கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல், அவர் கண்ணைப் பார்த்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஏன் மூன்றாம் எண் முதலில், ஏன் ஒன்றாம் எண் கடைசியில். அதிலும் ஒரு சட்டம் உண்டு. கீழே தள்ளுகிற மாட்டிடம் இருக்கிற நல்லதை முதலில் ஒத்துக்கொண்டாக வேண்டும். 'இதன் நடை அதைவிட நல்ல நடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும்...' என்று. ஒத்துக்கொள்ளாமல் தள்ளினால் மதிப்பெண் போய்விடும்.

முதல் தடவை வகுப்பில் ஆர்டித் ஒரு பளபளப்பான கொழுத்த பசுவை முதலில் வைத்தாள்.

"ஏன்?" என்றாள் கோச்.

"பாக்க நல்லா இருந்துச்சு."

பிள்ளைகள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. "அவ கன்னு எங்க, ஆர்டித்?"

ஆர்டித் சுற்றிலும் பார்த்தாள். கன்று இல்லை.

"வசந்த காலத்துலயே செத்துப் போயிடுச்சு. பால் கொடுக்க வேண்டிய வேலை இல்ல. தின்னது பூரா முதுகுல ஏறிடுச்சு. நீங்க கடைசியில வச்சீங்களே அந்த ஒல்லி, அவ இந்த வருஷம் ரெண்டு கன்னு வளத்திருக்கா. ஒண்ணு அவளோடது, இன்னொண்ணு தாய் செத்தது."

அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தாள். நான் வைத்த ரூபார்ப் தண்டு இனிப்பைத் தொடவே இல்லை. "பெர்டி, முப்பது வருஷமா சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு தப்பான மாட்டைப் பாத்து ரசிச்சுட்டு இருந்திருக்கேன்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவளுக்குத் தன் மேலேயே அவ்வளவு கோபம்.

அதற்குப் பிறகு அவள் காரணம் சொல்லாத இடமே இல்லை. காலி பஸ்ஸைத் திருப்பி ஓட்டி வரும்போது இருக்கைகளிடம் சொன்னாள். என் கடையில் நான்கு ரொட்டிகளை வரிசைப்படுத்திச் சொன்னாள். மூன்றாவது ரொட்டிக்கு அடிப்பக்கம் கருகியிருந்ததை என் காதுபடவே சொன்னாள். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ஆல்வினுக்கு எதிரில் கையைப் பின்னால் கட்டி நின்று, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற நான்கு மாடுகளைப் பற்றிச் சொன்னாள். ஆல்வின் கேட்டுவிட்டு "சனியனே" என்பான். அதில் இரண்டு வகை இருப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். இழுத்துச் சொன்னால் ஆமாம். வெடுக்கென்று சொன்னால் இல்லை. வெடுக்கென்று சொன்ன மாட்டை மறுநாள் காலையில் வேலிக்குப் போய் மறுபடி பார்ப்பாள். பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருக்குமாம். சில சமயம் அவள் சொன்னது. அப்படிப்பட்ட அன்றைக்கு எனக்கு போன் செய்வாள்.

குளிர்காலத்தில் பக்கத்து மாநிலத்தில் ஒரு போட்டி. வேனில் ஏழு மணி நேரம் போனார்கள். நடந்ததை எனக்குச் சொன்னது அவள் இல்லை, கோச்தான். ஒருநாள் ஏலத்துக்கு மாணவர்களைக் கூட்டி வந்தபோது சொன்னாள்.

ஆர்டித் நடுவருக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. படித்தது, பார்த்தது, பஸ்ஸிடம் சொன்னது எல்லாம் துடைத்துப் போட்ட மாதிரி போய்விட்டது. நடுவர் காத்திருந்தார். பிறகு இரக்கப்பட்டு, "பரவாயில்லம்மா, நீங்க போகலாம்," என்றார்.

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் ஆர்டித்.

"இல்ல..."

"அப்போ நிக்கிறேன்."

நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. நடுவருக்குத்தான் வியர்த்ததாம். கடைசியில் நேரம் முடிகிற சமயத்தில், "நாலாம் நம்பர் கடைசி. நடக்கும்போது அதுக்குப் பின்னங்கால் வலிக்குது," என்று ஒரே ஒரு காரணம் சொல்லிவிட்டு, "நன்றி, ஐயா," என்று திரும்பி நடந்தாள். அத்தனை கல்லூரியிலும் குறைந்த மதிப்பெண் அவளுக்குத்தான்.

திரும்பி வருகிற வேனில், பாதி வழியில் மெக்கென்னா பின் இருக்கையிலிருந்து, "ஆர்டி, முதல் தடவை நான் அழுதுக்கிட்டு வெளியில ஓடிட்டேன். நீங்க ஓடலையே," என்றாளாம். அதற்கு ஆர்டித், "ஓடணும்னுதான் நினைச்சேன் கண்ணு. முட்டி ஒத்துழைக்கல," என்றாளாம். வேன் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் மிசஸ் வோண்ட்ரா இல்லை, ஆர்டிதான். வசந்த காலத்துக்குள் அவள் மதிப்பெண் பட்டியலின் நடுவில் வந்துவிட்டாள். முதலில் வந்தவர்களைத்தான் உலகம் பாராட்டும். அடியிலிருந்து நடுவுக்கு ஏறுகிறவர்கள் படுகிற பாடு ஏறினவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மே மாதம் அவள் சான்றிதழ் வாங்கினாள். ஜூனில் வானம் கைவிட்டது.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அப்படி. ஜூலையில் குன்றுகள் சுட்ட ரொட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. நடந்தால் புல் நொறுங்கியது. லீலண்ட் அறுத்த உலர்புல் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வரப்போகிற குளிர்காலத்தைப் பாதி மாடுகள்தான் தாண்ட முடியும், எப்படிக் கூட்டிக் கழித்தாலும்.

"பாதி போகணும்னா மீதியை எதுக்கு வச்சுக்கிட்டு அல்லாடணும்?" என்றான் லீலண்ட். "மழையே சொல்லிடுச்சு. வித்துடலாம், ஆர்டித்."

"மழைகிட்ட நான் ஒப்பந்தம் போடல. உன்கிட்டதான் போட்டேன். பிரிக்கிற அன்னைக்கு வா."

அந்தக் கோடையில்தான் ஹெஸ்டர் தினமும் வீட்டு வேலிக்கு வர ஆரம்பித்தது. ஹெஸ்டர் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிற கிழட்டுப் பசு. ஆல்வின் தன் கையால் வளர்த்தது. ஆர்டித் அவனைப் பிக்அப்பில் உட்காரவைத்து வேலியோரம் கொண்டுபோய் நிறுத்துவாள். ஹெஸ்டர் வந்து ஜன்னலுக்குள் மூக்கை நீட்டும். ஆல்வின் இடது கையால் ஒரு தீவனக் கட்டியை எடுத்து நீட்டுவான். பழக்கமில்லாத அந்தக் கைக்கு ஒரு கரண்டி பிடிக்க வராது, ஒரு பொத்தான் போட வராது. ஆனால் ஹெஸ்டருக்குக் கட்டி கொடுக்க மட்டும் தடுமாறாமல் வந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவன் சிரிப்பதை நான் பார்த்தது அந்த ஜன்னலில் மட்டும்தான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஆர்டித் பட்டிக்குள் நிற்பதால் சமையல் என் தலையில் விழுந்தது. அவளாகக் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். கறியும் பீன்ஸும் பெரிய பானையில் கொதிக்க வைத்து, வேலிக்கு வெளியே மடக்கு மேசை போட்டேன். சமையலறைக்குள் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

குதிரையில் இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் மாடுகளை ஒவ்வொன்றாகக் குறுகிய சந்துக்குள் தள்ளினார்கள். கால்நடை மருத்துவர் தோள் வரை உறை போட்ட கையை விட்டுப் பார்த்து "சினை" அல்லது "காலி" என்பார். சந்தின் முடிவில் ஒரு கதவு. அதைப் பிடித்து நின்றது லீலண்ட். உள்ளே என்றால் ஒரு பக்கம் தள்ளுவான், தங்கும். வெளியே என்றால் மறுபக்கம், லாரி. சொல்கிறவள் ஆர்டித். ஆல்வின் வேலியோரம் பிக்அப்பில், ஜன்னலை இறக்கிவிட்டு.

முதல் மாடு வந்தது. "சினை," என்றார் மருத்துவர்.

"உள்ளே," என்றாள் ஆர்டித். "ஆறு வயசு. மடி இறங்கல, காம்பு சின்னது, பிறந்த கன்னு தானா பிடிச்சுக்கும். கொஞ்சம் முரண்டு பிடிப்பா, ஒத்துக்கிறேன். முரண்டு பிடிக்கிறவதான் ஓநாய்கிட்ட கன்னை விடமாட்டா."

அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். குதிரைக்காரர்களில் ஒருவன் பொறுமை இழந்தான். "ஒவ்வொண்ணுக்கும் பிரசங்கம் வைக்கணுமா? சாயங்காலம் ஆயிடும்."

"காரணம் கேட்டது லீலண்ட்," என்றாள் அவள் திரும்பாமலே. "கேட்டவன் கேட்டு முடிக்கட்டும்."

கதவைப் பிடித்திருந்தவனின் காது சிவந்ததை நான் மேசையிலிருந்தே பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய பளபளப்பான பசு வந்தது. "காலி."

"வெளியே."

லீலண்ட் கதவை அசைக்கவில்லை. "இதையா? மொத்தக் கூட்டத்துலயும் இதுதான் கொழுகொழுன்னு இருக்கு. இந்த வறட்சியிலயும் பாரு!"

"நடை நல்லா இருக்கு, குளம்பு நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா போன வருஷமும் கன்னு இல்ல, இந்த வருஷமும் இல்ல. ரெண்டு வருஷமா நம்ம புல்லைத் தன் முதுகுல சேத்து வச்சிருக்கா. பிள்ளை வளத்தவ இப்படி இருக்க மாட்டா, லீலண்ட். வெளியே."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். கதவு லாரிப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அவன் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. குதிரைக்காரனும் பேசவில்லை. மத்தியானம் நெருங்கும்போது அவர்கள் மாட்டைத் தள்ளிவிட்டு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்பதற்காகவே குதிரையை நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தேன். காலியானவை போயின. பல் போனவை போயின. மடி தரையைத் தொடுகிறவை போயின. அதற்கும் மேல் சில நல்ல மாடுகளும் போக வேண்டியிருந்தது. அவற்றுக்குச் சொல்லும்போது அவள் ஒத்துக்கொண்டது நீளமாகவும் காரணம் சுருக்கமாகவும் இருந்தது. ஆனால் நிற்கவில்லை.

கடைசியில் வந்தது ஹெஸ்டர். எப்போதும் முன்னால் நடப்பது, அன்றைக்கு ஏனோ பின்தங்கிவிட்டது.

மருத்துவர் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். "காலி," என்றார் மெதுவாக. வாயைத் திறந்து பார்த்தார். "பல்லும் இல்ல."

ஆர்டித் ஹெஸ்டரின் நெற்றியில் கை வைத்தாள்.

லீலண்ட்தான் பேசினான். "இவளை விட்டுடு."

"என்ன?"

"இந்த ஒருத்தியை விட்டுடு, ஆர்டித். ஒரே ஒரு மாடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மொத்தத்தையும் விற்கச் சொன்னவன் அவன். அவன் வாயிலிருந்து இது வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"காரணம் சொல்லு," என்றாள் ஆர்டித்.

"காரணம் என்ன காரணம்... அங்க பாரு, அவன்..." பிக்அப் பக்கம் கையைக் காட்டினான். ஆல்வினின் இடது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. உள்ளங்கையில் தீவனக் கட்டி.

ஆர்டித் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, லீலண்டின் கண்ணை நேராகப் பார்த்து நின்றாள்.

"பத்து கன்னு போட்டிருக்கா, ஒண்ணுகூடச் சாகல. ஒத்துக்கிறேன். பனிப்புயல்ல மொத்தக் கூட்டத்தையும் பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காப்பாத்தினா. ஒத்துக்கிறேன். என் புருஷனை ஆஸ்பத்திரி சிரிக்க வைக்கல, நான் சிரிக்க வைக்கல, இவதான் சிரிக்க வச்சா. அதையும் ஒத்துக்கிறேன்." இங்கே குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. "ஆனா பல்லு இல்லாதவ காஞ்ச புல்லை மெல்ல முடியாது. பிப்ரவரியில பனியில படுப்பா, எழுந்திருக்க மாட்டா. அதை ஆல்வின் அந்த ஜன்னல்ல இருந்து பாப்பான். எழுந்து போய் ஒண்ணும் செய்ய முடியாமப் பாப்பான். அப்புறம் இவ தின்னா, அந்தப் பக்கம் சினையா நிக்கிற ஒருத்தி போகணும். எவளைன்னு நீ கையைக் காட்டு, நான் அனுப்புறேன்."

லீலண்ட் தங்கின மாடுகளைப் பார்த்தான். அவன் கை எழவில்லை.

"வெளியே," என்றாள் ஆர்டித்.

கதவு திரும்பியது. ஹெஸ்டர் அவசரமில்லாமல் லாரிக்குள் ஏறியது, அங்கேயும் முன்னால் போய் நின்றது. நான் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கவில்லை, அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

ஆர்டித் வேலியைத் தாண்டிப் பிக்அப்புக்கு நடந்தாள். ஆல்வின் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் ஜன்னலில் கை வைத்து நின்றாள். சொல்ல வேண்டிய காரணமெல்லாம் அங்கேயே சொல்லியாகிவிட்டது. ஆல்வின் அவளைப் பார்த்தான். அப்புறம், "சனியனே," என்றான். இழுத்துத்தான் சொன்னான், எனக்கே கேட்டது. கையில் இருந்த கட்டியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கின பிறகுதான் அழுதாள், கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரு பெண் முப்பது வருடத்துக்கும் சேர்த்து அழுகிற மாதிரி.

லாரி போனது. மருத்துவரும் குதிரைக்காரர்களும் என் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஒருவன்கூடக் கேலி பேசவில்லை. குதிரைக்காரன் ஆர்டித்துக்கு வழிவிட்டுத் தட்டை எடுத்து நீட்டினான். ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் வோண்ட்ரா வீட்டில் பெண்கள் தட்டெடுப்பது வழக்கம். அது எந்த நிமிடத்தில் மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.

லீலண்ட் கடைசியாக வந்தான். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டில் கறியை வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் நின்றான். தொண்டையைச் செருமினான். விற்பதைப் பற்றித்தான் மறுபடி பேசப் போகிறான் என்று நான் கரண்டியை ஓங்கத் தயாராக இருந்தேன்.

"திங்கக்கிழமை மேற்குப் பக்கத்துத் தண்ணித் தொட்டியைப் பாக்கணும்," என்றான். "மாட்டை அந்தப் பக்கம் மாத்தப் போறியா, இல்ல இங்கயே வச்சுக்கப் போறியா?"

"மாத்தணும்."

அவன் தலையாட்டினான். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "எத்தனை மணிக்கு வரட்டும்?"

ஐம்பது வருடத்தில் அந்தக் கேள்வியை அவன் ஆல்வினைத் தவிர வேறு யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆர்டித் வாயிலிருந்த கவளத்தை மென்று விழுங்கினாள். "ஆறு மணிக்கு," என்றாள். "சாப்பிட்டுட்டு வா. அங்க போனா திரும்ப மத்தியானம் ஆயிடும்."